பனியன் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவு: கழிவைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஆடைத் தொழிலில் செயற்கை நுண்ணறிவு என்றால் கணினி வரைந்த டிசைன்களும், கணினி உருவாக்கிய மாடல்களின் படங்களுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. திருப்பூரில் ஐம்பது, நூறு தையல் இயந்திரங்களை வைத்துக்கொண்டு ஏற்றுமதிக்குத் தைத்துக் கொடுப்பவருக்கு அவற்றால் பெரிய பயன் எதுவும் இல்லை. அவருடைய பணமும், நொய்யல் ஆற்றங்கரை ஊர்களின் தண்ணீரும் வீணாகும் இடங்கள் வேறு: நிட்டிங் இயந்திரம், சாயப்பட்டறை, கட்டிங் மேசை, யாரும் வாங்காமல் கிடங்கில் தேங்கும் பீஸ்கள். இந்த இடங்களில் புதிய கருவிகள் உண்மையாகவே உதவுகின்றன. ஆனால் எங்கே எவ்வளவு வீணாகிறது என்பதை எடைபோட்டு எழுதி வைத்திருக்கும் கம்பெனிக்கு மட்டுமே அந்த உதவி கிடைக்கும். இந்த வழிகாட்டி சிறிய, நடுத்தர பின்னலாடை நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும் எழுதப்பட்டது.

முதல் மாதம்: தராசும் நோட்டும்

எந்த மென்பொருளையும் வாங்குவதற்கு முன் ஒரு மாதம் எடைபோடுங்கள். கட்டிங்குக்கு வழங்கிய துணி எத்தனை கிலோ, வெட்டிய பீஸ்களின் எடை எத்தனை, மார்க்கர் (பாகங்களைத் துணியில் எப்படி அடுக்கி வெட்டுவது என்ற வரைபடம்) இடைவெளியில் விழுந்த துண்டுகள் எத்தனை, ரோலின் கடைசியில் மிஞ்சிய எண்ட் பிட் எத்தனை, ஓட்டை அல்லது கறை காரணமாக மாற்றி வெட்டிய பாகங்கள் எத்தனை, தைத்த பிறகு செக்கிங்கில் கழிந்தவை எத்தனை என்று லாட் (ஒன்றாகச் சேர்த்து வேலை செய்யும் துணித் தொகுதி) வாரியாகத் தனித்தனியே எழுத வேண்டும். செக்கிங்கில் கழிந்தவை வெட்டிய பீஸ்களுக்குள்ளேயே அடங்கும், மற்றவற்றைக் கூட்டினால் வழங்கிய துணியின் எடை வர வேண்டும். வராவிட்டால் அந்த வித்தியாசத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

ஒரு கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் எவ்வளவு வரும் என்று மாஸ்டரிடம் கேட்டேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர். சற்றும் தயங்காமல் ஒரு சதவீதத்தைச் சொன்னார். அன்று மாலை மூட்டைகளைத் தராசில் ஏற்றிப் பார்த்தபோது அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மார்க்கரில் பீஸுக்கும் பீஸுக்கும் இடையில் விழும் துண்டை மட்டும்தான் அவர் வேஸ்ட் என்று கணக்கிட்டிருந்தார். ரோல் முனைகளில் ஒவ்வொரு அடுக்கிலும் கூடுதலாக விட்ட இரண்டு அங்குலமும், ஓட்டை விழுந்த முன்பாகத்துக்குப் பதிலாக எண்ட் பிட்டிலிருந்து வெட்டிய பாகமும் யாருடைய கணக்கிலும் இல்லை. இப்படிக் கணக்கில் வராத எடையை எந்தக் கணினியாலும் கண்டுபிடித்துத் தர முடியாது, ஏனெனில் அது படிக்கப்போவது நீங்கள் எழுதி வைத்த பதிவேட்டைத்தான்.

ஒரு மாதம் முடிந்ததும் எந்த வரி மிகப் பெரியது என்று பாருங்கள். முதல் செலவை அங்கேயே செய்ய வேண்டும். எல்லாக் கம்பெனிகளுக்கும் விடை ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

மார்க்கரை நிட்டிங்குக்கு முன்பே போடுங்கள்

பெரும்பாலான கம்பெனிகளில் கட்டிங்தான் பெரிய வரியாக வரும். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு டி-சர்ட்டின் பாகங்கள் சேர்ந்து 150 கிராம் எடை என்றும், 10,000 பீஸ் ஆர்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பீஸ்களுக்கு மட்டும் 1,500 கிலோ துணி வேண்டும். மார்க்கர் திறன், அதாவது துணியில் பீஸ்களாக மாறும் பங்கு, 82 சதவீதமாக இருந்தால் வாங்க வேண்டிய துணி ஏறத்தாழ 1,829 கிலோ. அதுவே 85 சதவீதமானால் 1,765 கிலோ. வித்தியாசம் 64 கிலோ. இந்த 64 கிலோவுக்குப் பஞ்சு விளைய வேண்டியதில்லை, நூல் நூற்க வேண்டியதில்லை, சாயம் போட வேண்டியதில்லை, சாயநீரைச் சுத்திகரிக்கவும் வேண்டியதில்லை. மறுசுழற்சியைவிட, வெட்டப்படாமலே போகும் துணிதான் ஆற்றுக்கும் பணப்பைக்கும் அதிக நன்மை செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மார்க்கரைத் தானாக அடுக்கித் தரும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன. லெக்ட்ரா, கெர்பர் ஆகிய பெயர்கள் இத்துறையில் பழக்கமானவை, 2021-இல் கெர்பரை லெக்ட்ராவே வாங்கிவிட்டது. இன்று விற்பனையாளர்கள் இவற்றையும் செயற்கை நுண்ணறிவு என்றே சொல்லி விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான அடுக்குமுறைகளைச் சில நிமிடங்களில் முயன்று பார்க்கும் கணக்கீடு. பெயர் எதுவானாலும் வேலை நடக்கிறதா என்பதே கேள்வி. உங்களுடைய பழைய மார்க்கர்கள் பத்தைக் கொடுத்து, அதே துணி அகலத்தில், அதே கிரெய்ன் (துணியின் நீளவாக்குத் திசை) கட்டுப்பாட்டில் அது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று காட்டச் சொல்லுங்கள். பாகங்களைச் சாய்க்க அனுமதித்து மிச்சத்தை உயர்த்திக் காட்டினால் ஏற்க வேண்டாம். பின்னல் துணியில் சாய்த்து வெட்டிய பாகம் ஒரு சலவையிலேயே முறுக்கிக்கொள்ளும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. துணி வந்து சேர்ந்த பிறகு மார்க்கர் போட்டால், அகலம் முன்பே முடிவாகிவிட்டதால் மென்பொருளுக்குச் செய்வதற்கு அதிகம் இருக்காது. பின்னல் துணியின் அகலத்தை நிட்டிங் இயந்திரத்தின் டயாவும் (விட்டம்) லூப் நீளமும் (ஒரு கண்ணிக்குச் செல்லும் நூல்) காம்பாக்டிங்கும் (துணியை முன்கூட்டியே சுருக்கி நிலைப்படுத்துவது) சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆகவே நிட்டிங் புரோகிராம் கொடுப்பதற்கு முன்பே, ஆர்டரின் சைஸ் விகிதத்தை வைத்து வெவ்வேறு டயாக்களில் மார்க்கர் போட்டுப் பாருங்கள். எந்தச் சைஸை எந்தச் சைஸுடன் சேர்த்தால் எந்த டயாவில் துண்டு குறைவாக விழுகிறது என்பதை மனிதர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் ஆகும். கணினிக்கு ஒரு தேநீர் நேரம் போதும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் செய்தாலே மென்பொருளின் விலைக்கு நியாயம் கிடைத்துவிடும்.

பேட்டர்ன் மாஸ்டரையும் கட்டிங் மாஸ்டரையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரையில் அழகாகத் தெரியும் மார்க்கரில், கத்தி திரும்ப இடமில்லாத ஒரு மூலையை அவர்கள் பார்த்தவுடனே சொல்லிவிடுவார்கள். துணியை ரோலிலிருந்து பிரித்துப் போதிய நேரம் ரிலாக்ஸ் ஆக விட்ட பிறகே லே (வெட்டுவதற்கான துணி அடுக்கு) விரிக்க வேண்டும் என்ற பழைய ஒழுக்கமும் மாறவில்லை. அவசரத்தில் அதைத் தவிர்த்தால் மார்க்கரில் மிச்சப்படுத்தியதை அளவுக் குறைபாட்டில் இழப்பீர்கள்.

நிட்டிங் இயந்திரத்தில் கேமரா

வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஒரு ஊசி முறிந்தால் துணியின் நீளவாக்கில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்டில், ஒரே ஆள் பல இயந்திரங்களைப் பார்க்கும்போது, இருபது கிலோ ரோல் முழுவதும் அந்தக் கோட்டுடனேயே இறங்கிவிடுவது உண்டு. சாயம் போட்ட பிறகுதான் அது பளிச்சென்று தெரியும். அதற்குள் அந்தத் துணி தண்ணீரையும் உப்பையும் நீராவியையும் குடித்து முடித்திருக்கும். குறை ஒன்றுதான், ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் இடம் ஒவ்வொரு படி தள்ளிப்போகும்போதும் இழப்பு கூடிக்கொண்டே போகிறது.

இயந்திரத்தின் உள்ளே கேமரா பொருத்தி, துணி பின்னப்படும்போதே படம் எடுத்து, ஊசிக்கோடு, ஓட்டை, லைக்ரா விடுபடுதல் போன்றவற்றைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்தும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. போர்ச்சுகல் நாட்டின் ஸ்மார்டெக்ஸ் நிறுவனம் இதற்கென்றே தொடங்கப்பட்டது. உங்களுக்குச் சொந்தமாக நிட்டிங் இல்லை, ஜாப் ஒர்க்தான் என்றால் கேமரா வாங்க வேண்டியதில்லை. கேமரா வைத்திருக்கும் நிட்டரிடம் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் கூலி கொடுப்பது லாபமா என்பதை முதல் மாதக் கணக்கு சொல்லிவிடும்.

கேமராவுக்கு எது குறை என்று கற்பிப்பவர் உங்கள் துணி செக்கர்தான். உலகமெங்கும் வழக்கத்தில் உள்ள நான்கு புள்ளி முறையில் 3 அங்குலம் வரையிலான குறைக்கு ஒரு புள்ளி, 6 வரை இரண்டு, 9 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு என்று கணக்கிடுவார்கள். உங்கள் செக்கர் இந்த முறையில் எழுதிய பழைய ரிப்போர்ட்டுகளையும், குறையுள்ள துணியின் தெளிவான படங்களையும் சேர்த்து வையுங்கள். தொடக்க வாரங்களில் கேமரா தேவையில்லாமல் இயந்திரத்தை நிறுத்திக்கொண்டே இருக்கும். எரிச்சலில் அதை அணைத்துவிடாமல், ஒவ்வொரு நிறுத்தமும் சரியா தவறா என்று ஆபரேட்டரைக் குறிக்கச் சொன்னால்தான் அது தேறும்.

கேமரா துணியைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்கக் கூடாது. செக்கிங் மேசைக்கு என்று வாங்கிய கேமராவைத் திருப்பி, தைப்பவர் எத்தனை முறை எழுந்து போகிறார் என்று எண்ணத் தொடங்கினால், குறையை மறைக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிடும், பதிவேடு பொய்யாகிவிடும், அத்தனை முதலீடும் வீண். மனிதர்களின் மரியாதை என்ற காரணமே போதுமானது. தொழில் காரணமும் அதனுடன் ஒத்துப்போகிறது.

சாயம்: முதல் முறையிலேயே ஷேட் வர வேண்டும்

திருப்பூர் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீரின் தேக்கமாக மாறியதும், கரையோர விவசாயிகள் நீதிமன்றம் சென்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இந்த ஊரின் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். அதன் பிறகு எதிர் சவ்வூடுபரவல், ஆவியாக்கி என்று பெரும் செலவில் தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் நிலையங்கள் இயங்குகின்றன. இன்று ஒரு லிட்டர் சாயநீர் என்பது பின்னர் மின்சாரத்தாலும் நீராவியாலும் பிரித்தெடுக்க வேண்டிய ஒரு லிட்டர்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். ஓர் அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு, துணி ஒன்றுக்குத் தண்ணீர் ஆறு என்ற விகிதம் என்று கொண்டால், 100 கிலோ துணிக்கு 600 லிட்டர் குளியலும் 48 கிலோ உப்பும் தேவை. அலசும் தண்ணீர் இதில் சேரவில்லை. ஷேட் (நிறச் சாயல்) தவறி, சாயத்தைக் கழற்றி மீண்டும் போட்டால் அத்தனையும் இன்னொரு முறை. ஆகவே சாயப்பட்டறையில் நிலைத்தன்மை என்பதற்கு முதல் பொருள், முதல் முறையிலேயே ஷேட் சரியாக வருவதுதான்.

நிறமாலை அளவியை வைத்து ரெசிபி கணிப்பது பழைய முறை. ஆய்வகத்தில் லேப் டிப் (சிறு துண்டில் போட்டுப் பார்க்கும் சாய மாதிரி) சரியாக வந்த ரெசிபி, பெரிய இயந்திரத்தில் ஏன் தவறுகிறது என்பதைப் பழைய லாட்டுகளிலிருந்து கற்கும் மென்பொருள்கள் புதியவை. அவை கற்க வேண்டுமானால் ஒவ்வொரு லாட்டுக்கும் நூல் எந்த மில், துணி ஈர்ப்புத் திறன் எப்படி, தண்ணீரின் கடினத்தன்மையும் கார அமிலநிலையும் எவ்வளவு, சாயத்தின் பேட்ச் எண் என்ன, இறுதியில் டெல்டா ஈ (கேட்ட நிறத்துக்கும் வந்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு) எவ்வளவு வந்தது என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். தவறிய லாட்டுகளையும் மறைக்காமல் எழுதுவது இங்கே மிக முக்கியம். வெற்றிகளை மட்டும் படித்த கணினி தோல்வியை முன்கூட்டியே சொல்லாது. சாயத்தை வெளியே கொடுப்பவர்கள், முதல் முறையிலேயே சரியான லாட்டுகள் எத்தனை சதவீதம் என்று பட்டறையிடம் மாதந்தோறும் கேட்டு வாங்குங்கள். கிலோ கூலியை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ஒரு கேள்வியே பேச்சின் திசையை மாற்றும்.

சாம்பிளும் தேங்கும் பீஸ்களும்

முப்பரிமாண மென்பொருளில் டி-சர்ட்டைத் திரையிலேயே தைத்து, கணினி உடலின் மேல் அணிவித்து, ஆர்டர் கொடுக்கும் பையருக்கு அனுப்பலாம். குளோ, பிரவுஸ்வேர் ஆகிய மென்பொருள்கள் பரவலாகப் பயன்படுகின்றன. முதல் மாதிரியையும், ஒரே ஸ்டைலின் எட்டு நிறங்களையும் இப்படித் திரையில் முடித்துவிடலாம். ஃபிட் (அளவு பொருந்துகிறதா என்று பார்க்கும்) சாம்பிளையும், புரொடக்‌ஷனுக்கு முந்தைய சாம்பிளையும் மட்டும் துணியிலேயே செய்யுங்கள். தொடு உணர்வும் சலவைச் சுருக்கமும் திரையில் தெரியாது. உங்கள் துணியின் எடை, நீட்சி, மடிப்புத் தன்மை ஆகியவற்றை அளந்து உள்ளிடாமல், மென்பொருளில் இருக்கும் ஏதோ ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தால் படம் அழகாக இருக்கும், ஆடை வேறாக இருக்கும்.

தேங்கும் பீஸ்கள் பையர் பக்கத்துச் சிக்கல் என்று தோன்றினாலும் அதில் உற்பத்தியாளருக்கும் வேலை உண்டு. 2018-இல் எச் அண்ட் எம் நிறுவனத்தின் கையிருப்பு 430 கோடி டாலர் மதிப்பை எட்டியதும், அதே ஆண்டில் பர்பெரி நிறுவனம் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள பொருள்களை ஓராண்டில் அழித்தது தெரியவந்ததும் உலகமெங்கும் பேசப்பட்டன. அதன் பிறகு விற்பனையைக் கணிக்கப் பெரிய பிராண்டுகள் செயற்கை நுண்ணறிவில் பெரும் முதலீடு செய்துள்ளன. ஆனால் ஆறு மாதம் முன்பே நிறத்தையும் அளவையும் உறுதி செய்துவிட்டால் எந்தக் கணிப்பும் உதவாது. இத்தாலியின் பெனட்டன் 1970-களிலேயே ஸ்வெட்டர்களைச் சாயமின்றிப் பின்னி வைத்து, எந்த நிறம் விற்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் போட்டது. அதே வழியை இன்று நீங்கள் முன்வைக்கலாம்: நூலுக்கும் கிரே (சாயமிடாத) துணிக்கும் முதலில் உறுதி, நிறத்துக்கும் சைஸ் விகிதத்துக்கும் சில வாரங்கள் கழித்து உறுதி. பையரின் கணிப்பு அதற்குள் கூர்மையாகியிருக்கும். கிரே துணியை வைத்திருக்கும் செலவை யார் ஏற்பது என்பதை மட்டும் முன்பே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பையரின் தயக்கத்துக்கு நீங்கள் வட்டி கட்டுவீர்கள்.

சொல்வதற்கு ஆதாரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலைத்த பொருள்களுக்கான சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்தது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் அது தடை விதிக்கிறது. டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் (ஒரு பொருளின் மூலத்தையும் உள்ளடக்கத்தையும் சொல்லும் மின்னணுப் பதிவு) என்ற ஏற்பாட்டையும் கொண்டுவருகிறது, அதில் ஆடைகள் முன்னுரிமைப் பட்டியலில் உள்ளன. இன்னொரு சட்டப்படி, ‘சூழலுக்கு உகந்தது’ என்பதுபோல் பொத்தாம்பொதுவாக நுகர்வோரிடம் சொல்வதற்கு 2026 செப்டம்பர் 27 முதல் அங்கே இடமில்லை.

இதற்குத் தயாராவது என்பது, ஒரு பெட்டியிலுள்ள டி-சர்ட்டிலிருந்து பின்னோக்கி நடந்து கட்டிங் லாட், சாய லாட், நிட்டிங் டெலிவரி சலான், நூல் பில், பஞ்சுச் சான்றிதழ் வரை போய்ச் சேர முடிவதுதான். இந்தக் காகிதங்களைப் படம் எடுத்து, எண்களைப் பிரித்தெடுத்து அட்டவணையாக்கும் வேலையைச் செயற்கை நுண்ணறிவு இன்று நன்றாகவே செய்கிறது. தமிழில் கையால் எழுதிய சலான்களில் தவறுகள் வரும் என்பதால் எடை, லாட் எண் ஆகிய இரண்டையும் ஓர் ஆள் சரிபார்த்தே ஆக வேண்டும்.

அறிக்கை எழுதும் வேலையை மட்டும் அதனிடம் முழுமையாக ஒப்படைக்காதீர்கள். இத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சம், இத்தனை கிலோ கார்பன் குறைவு என்று உங்கள் பதிவேட்டில் இல்லாத எண்களை அது சரளமாக எழுதிவிடும், கையெழுத்து உங்களுடையது. 2020-இல் இந்தியாவில் போலிப் பரிவர்த்தனைச் சான்றிதழ்களுடன் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று காட்டப்பட்டதை, ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரநிலையை நடத்தும் கோட்ஸ் அமைப்பு கண்டுபிடித்தபோது, நேர்மையாக நடந்த ஆலைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாயின. அந்தக் காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை.

வெட்டுத் துண்டுகள்

ஐரோப்பாவில் பழைய துணிகளை அகச்சிவப்பு ஒளியால் படித்து வகை பிரிக்கும் ஆலைகள் உள்ளன. சுவீடனின் மால்மோ நகரில் அமைக்கப்பட்டது அவற்றில் ஒன்று. அங்கே வரும் துணி எதனால் ஆனது என்று யாருக்கும் தெரியாததால் அத்தகைய இயந்திரம் தேவைப்படுகிறது. உங்கள் கட்டிங் மேசையில் அந்தச் சிக்கலே இல்லை. முழுப் பருத்தி எது, லைக்ரா கலந்தது எது, பாலியஸ்டர் கலந்தது எது என்பது லாட் சீட்டிலேயே உள்ளது. மேசைக்கு அருகில் தனித்தனிச் சாக்குகள் மாட்டி, நிறவாரியாகவும் கலவைவாரியாகவும் பிரித்து, சாக்கின் மேல் லாட் எண்ணை எழுதினால் போதும். நிறம் பிரித்த பருத்தித் துண்டுகளிலிருந்து ஓ.இ. (ஓப்பன் எண்ட் முறையில் நூற்கும்) மில்கள் மீண்டும் சாயமிடாமலே வண்ண நூல் நூற்கின்றன. லைக்ரா கலந்த ஒரு கைப்பிடி உள்ளே விழுந்தாலும் இழைபிரிக்கும் இயந்திரத்தில் தொல்லை, விலையும் இறங்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்

செயற்கை நுண்ணறிவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. உலகத் தரவு மையங்கள் 2024-இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரத்தை, அதாவது உலகப் பயன்பாட்டில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதத்தைச் செலவிட்டதாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டது. அட்டவணை மென்பொருளில் ஒரு கூட்டல் வரியால் முடியும் வேலைக்குப் பெரிய கருவியை மாதச் சந்தா கட்டி வாங்க வேண்டாம்.

வாங்குவது என்று முடிவெடுத்தால் ஒரே லைனில், ஒரே வகைத் துணியில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். முதல் மாதத்தில் எடைபோட்டு எழுதிய நோட்டுதான் அந்தச் சோதனையின் அளவுகோல். விற்பனையாளர் கொண்டுவரும் சதவீதத்தை அளவுகோலாக ஏற்காதீர்கள். உங்கள் ரெசிபிகளும், பேட்டர்ன்களும், குறைகளின் படங்களும் உங்களுடையவை என்றும், அவற்றைக் கொண்டு கற்ற மென்பொருளை உங்கள் போட்டியாளருக்கு விற்பதாக இருந்தால் உங்கள் சம்மதம் வேண்டும் என்றும், ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாத் தரவையும் சாதாரண அட்டவணைக் கோப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். பழுது பார்க்கும் ஆள் திருப்பூரிலோ கோவையிலோ இருக்கிறாரா, ஷிப்மெண்ட் வாரத்தில் இரவு பத்து மணிக்கு அழைத்தால் வருவாரா என்பதையும் கேட்டு, அதையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.